மூன்று பல்டியில் பக்கத்துக் கட்டம்

பம்பாயில் சயானைத் தாண்டி குர்லாவைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு அலுமினியத் தட்டு. சட்டைப் பையில் ஒரு மரக்கட்டை. இரண்டு விரல் தடிமன், நான்கு விரல் நீளம். எட்டு வைக்கும்போதெல்லாம் அது நெஞ்சில் தட்டியது.

தாராவியில் நான்கு மாதம் படுத்திருந்த இடத்தை அன்று சாயங்காலம்தான் விட்டேன். இடத்தை விடுவது எனக்குப் புதிதில்லை. கல்யாண் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஓட்டலில் ஏழு வாரம் மாவாட்டினேன். தேவ்நாரில் சுண்ணாம்பு சுமந்து கை வெந்தபோது அதையும் விட்டேன். எங்கிருந்து கிளம்பினாலும் அடுத்த வேளைச் சோறு எங்கே என்ற யோசனைதான் இருக்கும். அன்று அது இல்லை. மனசு கும்மாளமிட்டது. வழியில் தெருவோரம் நின்ற பீப்பாய், கைவண்டி, கல் எதைப் பார்த்தாலும் இதை எத்தனை பல்டியில் அந்தக் கதவுக்குக் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அண்ணாச்சிதான். முப்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான, அகன்ற உடம்பு. இடது கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருக்கும். மாட்டுங்கா பக்கம் ஒரு இயந்திரச் சாமான் கிடங்கில் பெட்டி சாய்க்கும் கூட்டத்துக்கு முன்னால் நிற்பவர். ஆள் உயரப் பெட்டிகளைத் தூக்க முடியாது. நான்கு பேர் பின்னால் நின்று சாய்ப்பார்கள். எந்தப் பக்கம் சாய்ப்பது, எங்கே நிறுத்துவது என்று முன்னால் நிற்பவர் குரல் கொடுப்பார். அந்தக் குரல் தப்பினால் யாருடைய பாதமாவது பெட்டிக்கு அடியில் போகும். ஒவ்வொரு சாய்ப்புக்கும் அங்கே பல்டி என்று பெயர்.

முதன்முதலில் அவரை நான் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டேன். ஒருநாள் கூலியாக அந்தக் கிடங்குக்குப் போயிருந்தேன். சீக்கிரம் முடியட்டுமென்று ஒரு பெட்டியைக் கயிறு கட்டி இழுத்தேன்.

“இழுக்கது யாருடே அது? அடிப்பலகை பிஞ்சிரும்லா! உன்னையக் கால்ல கயிறு கட்டி இழுத்தா சும்மா இருப்பியா?”

திரும்பினால் பெட்டிக்கு நோகிறது என்பதுபோல் அதைத் தடவிக்கொண்டு நிற்கிறார். மத்தியானம் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எங்க படுக்க?” என்றார். ஸ்டேஷனில் என்றேன். “எந்த ஊரு?” கோவில்பட்டிப் பக்கம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வா” என்றார்.

தாராவியில் அப்போது அப்படிப் பல அறைகள் உண்டு. ஒரு ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்த அறை. அவர்களுடையது திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு ஊர். பத்தடிக்குப் பன்னிரண்டடி இடத்தில் பதினோரு பேர், வேலை முறைக்கு ஏற்ப மாறி மாறிப் படுப்பார்கள். வெளியூர் ஆளுக்கு இடமில்லை. பன்னிரண்டாவது ஆளாக, கதவை ஒட்டி ஒரு பாய் அகலம் எனக்குக் கிடைத்தது. எல்லோர் முன்னிலையிலும் ஒரு பேச்சு வைத்தார்கள்: ஊரிலிருந்து அடுத்த ஆள் வந்து இறங்குகிற அன்று நான் எழுந்துவிட வேண்டும். சரியென்றேன். நியாயம்தானே.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் ஒரு தேயிலைப் பெட்டியின் மூடியை எடுத்துப் போட்டார். அதில் ஏழுக்கு ஏழு கட்டம் கீறியிருந்தது. ஆறு கட்டைகளைக் கொட்டினார். மூன்று வெள்ளை, மூன்று கரி பூசியவை. உடைந்த பெட்டிப் பலகையில் அவரே அறுத்துத் தேய்த்தவை.

“இந்தா, இது பெட்டி. ஒண்ணு நிக்கும், இல்லன்னா கெடக்கும். நின்னா ஒரு கட்டம், கெடந்தா ரெண்டு கட்டம். நகரணும்னா பல்டி அடிக்கணும். உன் முறைக்கு ஒரு பல்டி. தூக்கப்படாது. இழுக்கவே படாது. இன்னொரு கட்டை இருக்க எடத்துல விழப்படாது. எதிராளி கடைசி வரிசையில நடுக்கட்டம் இருக்குல்லா, அது அவன் வாசல். உன் கட்டை ஒண்ணு அங்க போய் நிக்கணும். கெடந்தா காணாது. நிக்கணும். அவ்ளோதான்.”

“அவ்வளவுதானா?” என்றேன்.

“அவ்ளோதான். இதுக்குள்ளதான் ரெண்டு வருசமா கெடக்கேன்.”

பிறகு ஒரு வெள்ளைக் கட்டையை நிறுத்தினார். “இத அந்தா அந்தப் பக்கத்துக் கட்டத்துல நிப்பாட்டு பாப்பம்.”

இதென்ன பெரிய காரியம் என்று சாய்த்தேன். விழுந்து இரண்டு கட்டத்தில் கிடந்தது. இன்னொரு முறை சாய்த்தேன். மூன்று கட்டம் தள்ளிப்போய் நின்றது. திருப்பினேன், பழைய இடத்துக்கே வந்தது. வேர்த்துவிட்டது. அவர் உதவவே இல்லை. குந்தியிருந்து என் விரலையே பார்த்தார். அரை மணி நேரம் போயிருக்கும். சாய்த்தேன், விழுந்தது. கிடந்த கட்டையை அப்படியே பக்கவாட்டில் ஒரு உருட்டு. வந்த பக்கமே எழுப்பினேன். நின்றது! பக்கத்துக் கட்டத்திலேயே நின்றது! நான் கத்திய கத்தில், இரவு வேலை முடித்துவந்து மூலையில் படுத்திருந்த ஒரு தையல்காரர் எழுந்து செருப்பைத் தேடினார்.

“பாத்தியா? மூணு கட்டம் தள்ளி நிக்கதுக்கு ரெண்டு பல்டி போதும். பக்கத்துல நிக்கதுக்கு மூணு. விழணும், உருளணும், எந்திரிக்கணும்” என்று அண்ணாச்சி கையை நீட்டிக் காட்டினார். இரண்டு வருடமாகத் தெரிந்த விஷயத்துக்கு அவர் கை மயிர் குத்திட்டு நின்றது.

அவரோடு தெருவில் போவது பெரிய பாடு. சந்தில் ஒரு நாள் கல்யாண வீட்டுக்கு மர பீரோ வந்தது. வளைவில் மாட்டிக்கொண்டது. நான்கு ஆள் நின்று தூக்க அங்கே இடமில்லை. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. இரண்டு பக்கமும் ஜனம். இவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். சுவரை முழத்தால் அளந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கினார்.

“நாலு. கடைசிப் பல்டில வாசலப் பாத்து நிக்கும்.”

“அண்ணே, கண்ணாடி இருக்கு!” என்று பெண்ணின் அத்தை அலறினாள்.

“கண்ணாடி மேல் பக்கம்தான் இருக்கும், பயப்படாதீய. மொத பல்டி… சாய்! மெள்ள, மெள்ள… கெடக்கட்டும்! இப்போ எடது பக்கம்…”

நான்காவது பல்டியில் பீரோ அந்த வீட்டு வாசலைப் பார்த்து, மணப்பெண் மாதிரி நின்றது. சந்தே கை தட்டியது. அத்தை ஒரு லட்டை அவர் வாயில் திணித்தாள். அதைத் தின்றுகொண்டே, “மூணுலயே முடிச்சிருக்கலாம், சாக்கடை மட்டும் இல்லன்னா” என்றார்.

ஆட்டத்தில் அவர் கெட்டிக்காரர் என்பதல்ல முக்கியம். விதி என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குக் கீழேதான் அவர் நிற்பார், மேலே ஒருபோதும் ஏறமாட்டார். ஒருமுறை தையல்காரர் தன் வாசலிலேயே ஒரு கட்டையை நிறுத்தி வைத்துக்கொண்டு அசைய மாட்டேன் என்றார். ஞாயிறு முழுவதும் ஆட்டம் முடியவில்லை. அண்ணாச்சி புது விதி போட்டார்: மூன்று முறைக்கு மேல் சொந்த வாசலில் யாரும் நிற்கக் கூடாது. அப்போது அவருடைய கட்டையும் அவர் வாசலில்தான் நின்றது. உடனே அதைப் பல்டி அடித்து விலக்கினார். அந்த வழியாகவே தையல்காரர் நுழைந்து ஜெயித்தார்.

“நல்ல விதி ஓய்” என்று தையல்காரர் கேலி பண்ணினார்.

“போட்டவன் மேல மொத அடி விழுந்தாத்தான் அது விதி. இல்லன்னா அது ரவுடித்தனம்” என்றார் இவர், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

இன்னொரு நாள் என்னோடு ஆடும்போது ஜெயிக்கிற நிலையில் இருந்தார். திடீரென்று கையை எடுத்துவிட்டு, “நான் தோத்தேன்” என்றார். ஏன் என்றேன். “லுங்கி பட்டு என் கட்டை அரைக் கட்டம் நகந்துட்டு.” யாரும் பார்க்கவில்லை. எதிரே இருந்த நானே பார்க்கவில்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் வாய் திறந்தால் அறையில் அடிதடி வரும் என்பதால், பார்ப்பவன் பேசக் கூடாது, கட்டையைப் பற்றி ஆடுகிறவன் சொல்வதே சாட்சி என்று முன்பே ஒரு விதி வைத்திருந்தார். அந்த விதியில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தகரப் பெட்டியோடு ஒருவர் கதவடியில் வந்து நின்றார். ஊர் ஆள். முப்பது வயதுக்காரர். மூன்று நாள் ரயில் புழுதி முகத்தில் அப்பியிருந்தது. நான் பாயைச் சுருட்டினேன். மழை தொடங்கியிருந்த நேரம். ஸ்டேஷனில் படுத்தால் போலீஸ் தடி. வேலைக்கும் முகவரி கேட்டார்கள். எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

“பாய விரிடே” என்றார் அண்ணாச்சி. “எடம் ஒண்ணு, ஆளு ரெண்டு. எல்லாரும் சம்மதிச்சா ஆட்டம் சொல்லட்டும். அவருக்கு ஆடத் தெரியாது. ஊர்க்காரர், அவருக்காக நான் ஆடுதேன். நீ ஜெயிச்சா இந்த எடம் உனக்குத்தான். அப்புறம் உன்ன யாரும் எழுப்ப முடியாது.”

“நீரு வேணும்னே தோத்துக் குடுப்பீரு” என்றார் தையல்காரர்.

அண்ணாச்சி முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். “நானா? ஆட்டத்துலயா?”

மற்ற பத்துப் பேரும் சுற்றிக் குந்தினார்கள். புதியவர் தன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து, தன் தலைவிதி ஒரு தேயிலைப் பெட்டி மூடியில் உருளுவதைப் புரியாமல் பார்த்தார். நான் அன்று ஆடியதுபோல் என்றும் ஆடியதில்லை. முக்கால் மணி நேரம் விடவில்லை. கடைசியில் என் இரண்டு கட்டைகள் ஓரத்தில் முட்டி அசைய வழியில்லாமல் கிடந்தன. மூன்றாவது அவர் வாசலுக்கு நேராகக் கிடந்தது, என் பக்கமிருந்து எண்ணினால் நான்காம் ஐந்தாம் கட்டங்களில். வாசல் ஏழாவது. எழுப்பினால் ஆறில்தான் நிற்கும், வாசலுக்கு ஒரு கட்டம் குறைய. அப்புறம் பழைய கதைதான்: விழணும், உருளணும், எந்திரிக்கணும். மொத்தம் நான்கு பல்டி. அவருடைய கட்டை ஒன்று என் வரிசையின் மூலையில், என் வாசலுக்குச் சரியாக மூன்று கட்டம் தள்ளி நின்றது. அவருக்கு இரண்டே பல்டி. ஆடவேண்டியது நான். எப்படி எண்ணினாலும் தோல்வி.

அப்போது சந்தில் சத்தம் கேட்டது. “பானி ஆயா! பானி!”

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அரை மணிதான் வரும். அந்த வாரம் வாளி வைக்கிற முறை அண்ணாச்சியுடையது. அவர் வாளியோடு ஓடினார். மற்றவர்களும் குடம், டப்பா என்று எழுந்தார்கள். அறையில் நானும் அந்தப் புதியவரும்தான். என் விரல் போனது. ஒரு கட்டம் முன்னால் தள்ளினேன். நான்கு ஐந்து, ஐந்து ஆறானது. ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

அவர் நனைந்த சட்டையோடு வந்து உட்கார்ந்தார். நான் கட்டையை எழுப்பி அவர் வாசலில் நிறுத்தினேன்.

“நாலுலயும் அஞ்சுலயும்லா கெடந்து?” என்றார், மெதுவாக.

“இல்ல அண்ணாச்சி. அஞ்சும் ஆறும்.”

ஆடுகிறவன் சொல்வதே சாட்சி. “அப்போ சரி. எடம் உனக்குத்தான்” என்றார். அறையே என் முதுகில் தட்டியது. தையல்காரர்கூட. புதியவர் தகரப் பெட்டியை இன்னும் கொஞ்சம் கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அண்ணாச்சி மத்தியானம் சாப்பிடவில்லை. கட்டைகளை ஆரம்பத்திலிருந்து அடுக்கி, முழு ஆட்டத்தையும் திரும்ப ஆடிப் பார்த்தார். ஒவ்வொரு பல்டியும் அவருக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு முறையும் என் கட்டை நான்கிலும் ஐந்திலுமே வந்து கிடந்தது. மறுபடி கலைத்தார், மறுபடி அடுக்கினார். அவ்வளவு நேரத்திலும் ஒரு தடவைகூட அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பசியில் களவெடுத்துத் தின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் படுத்ததும் தூங்கியிருக்கிறேன்.

நான்கு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சந்து முனையில் பிடித்தேன்.

“எங்க அண்ணாச்சி?”

“மேஸ்திரியப் பாக்க. நாளையிலருந்து நான் முன்னால நிக்கல, பின்னால நின்னு தள்ளுதேன்னு சொல்லணும். கண்ணு ஒரு கட்டம் தப்பாக் காட்டுதுடே. இங்க கட்டை, சரி. அங்க கால்லா போயிரும்?”

பதினான்கு வருடம் நின்ற இடத்தை விடப் போகிறவர், பல் வலிக்கு மருந்து வாங்கப் போகிறவர்போலச் சொன்னார்.

“கண்ணு சரியாத்தான் இருக்கு” என்றேன். “நான் தள்ளினேன்.”

“என்னது?”

“நீங்க தண்ணிக்குப் போனப்போ. விரலால. ஒரு கட்டம்.”

அடி விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் என் இரண்டு தோளையும் பிடித்தார்.

“நாலும் அஞ்சும்?”

“நாலும் அஞ்சும்.”

“இன்னொரு வாட்டி சொல்லு.”

“நாலும் அஞ்சும், அண்ணாச்சி.”

அவர் போட்ட சத்தத்தில் சந்து முனை டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். “என் கண்ணு போகலடே! டேய், என் கண்ணு போகல!” என்று என்னைத் தரதரவென்று அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். வழியில் எதிர்ப்பட்ட ஒரு மராட்டிக் கிழவரிடமும் அதையே தமிழில் சொன்னார். கிழவர் எதற்கோ தலையாட்டினார்.

அறையில் விஷயம் தெரிந்ததும் தையல்காரர் சட்டைக் கையை மடக்கினார். “இவன இன்னும் உள்ள நிக்க விடுதீரா?”

“உக்காரும்வே. ஆட்டம் முடியல. இவன் முறை.”

“நான் பாத்தேன்” என்றார் பெட்டிமேல் இருந்த புதியவர், தயங்கியபடி. “தள்ளினத. அதுவும் ஆட்டத்துல சேத்தின்னு நெனச்சேன்.” அறை அதிரச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன், கண்ணில் நீரோடு.

அண்ணாச்சி கட்டைகளைக் காலையில் இருந்தபடியே வைத்தார். “புது விதி. ஆடுதவன் நடுவுல எந்திரிச்சா எல்லாக் கட்டையச் சுத்தியும் சாக்குக்கட்டியால வரையணும். இன்னைக்கு வரையாம போனவன் நான். அதனால என் முறை ஒண்ணு போச்சு. ம், ஆடு.”

“தள்ளினது அவன், அடி உமக்கா?” என்று தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு முறை கூடுதலாகக் கிடைத்ததும் மறுபடி எண்ணிப் பார்த்தேன். எழுப்பினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாய்த்தேன். அவர் சாய்த்தார். உருட்டினேன். என் கட்டை அவர் வாசலை உரசிக்கொண்டு கிடந்தது. எழுந்தால் வாசல். ஒரே ஒரு பல்டி.

அவர் தன் கட்டையை எழுப்பினார். என் வாசலில் நின்றது.

“ஒண்ணே ஒண்ணு!” என்று தொடையில் தட்டிக்கொண்டு குதித்தார். “இன்னும் ஒண்ணு கெடச்சிருந்தா நீதாண்டே! என்னா ஆட்டம்!” ஜெயித்தவர் அவர், எனக்காகக் குதித்தார்.

நான் பாயைப் புதியவர் கையில் கொடுத்தேன். பையைத் தோளில் மாட்டியபோது, அண்ணாச்சி அந்தக் கட்டையை என் சட்டைப் பையில் போட்டார். “ஒரு கட்டம் ஓசில போன கட்டை இது. இனி என் பலகைக்கு ஆகாது. நாளைக்கு வேற அறுத்துக்கிடுதேன்.” தங்கிக்கொள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அவர் இல்லை. “சாப்ட்டுட்டுப் போ” என்று மட்டும் சொன்னார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம், காலையில் வடித்து ஆறிப்போன சோற்றை.

மறுநாள் காலை செம்பூரில், திலக் நகர் பக்கம், ஒரு கிடங்கின் வாசலில் போய் நின்றேன். ஆள் உயரப் பெட்டி ஒன்று கதவுக்குப் பக்கத்திலேயே நின்றது, ஒரு பெட்டி அகலம்தான் தள்ளி. நான்கு பேர் அதற்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மத் கீஞ்சோ!” என்று கத்தினேன். இழுக்காதீர்கள்.

மேஸ்திரி திரும்பினார். “கோன் ஹை தூ?” நீ யார் என்று கேட்டார்.

“தீன் பல்டி” என்று மூன்று விரலைக் காட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்துக் கதவுக்கு மூன்றா என்று கதவோரம் நின்ற இன்னொருவன் சிரித்தான். மேஸ்திரி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, செய்து காட்டு என்று கையை அசைத்தார்.

முன்னால் போய் நின்றேன். குரல் கொடுத்தேன். விழுந்தது. உருண்டது. உருண்டு தரையைத் தொடும்போது மழை ஈரத்தில் ஒரு சாண் வழுக்கியது. பின்னால் நின்ற நான்கு பேரும் அதைப் பார்க்கவில்லை. மேஸ்திரியும் பார்க்கவில்லை. எழுப்பு என்று சொன்னால் முடிந்தது, வேலை எனக்கு. ஆனால் அந்த ஒரு சாணால், கதவோரம் நிற்பவனின் கால் இப்போது பெட்டி வந்து நிற்கும் இடத்தில் இருந்தது.

“ருக்கோ!” என்று நிறுத்தினேன். “நகர்ந்துவிட்டது. முதலிலிருந்து.”

நான்கு பேரும் என்னைத் திட்டிக்கொண்டே பெட்டியைப் பழைய இடத்துக்குத் திருப்பினார்கள். மேஸ்திரி வந்து ஈரத்தில் விழுந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். கதவோரம் நின்றவனின் பாதத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் பெயர் கேட்டார். சொன்னேன். முகவரி கேட்கவில்லை.

சட்டைப் பையிலிருந்த கட்டையை ஒருமுறை தொட்டுக்கொண்டு, “சாய்!” என்றேன்.